மடை தெரிகிறது, மின்சாரம் தெரிவதில்லை: தெருக்குழுக்களின் ஆற்றல் சேமிப்பு, ஓர் அறிமுகம்

டெல்டாவில் ஒருவர் தம் வயலின் மடையை இரவெல்லாம் திறந்தே விட்டுவிட்டால், விடிந்ததும் அது ஊருக்கே தெரிந்துவிடும். வாய்க்காலில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். கீழ்வயல்காரர் மண்வெட்டியும் தோளுமாக வரப்பில் வந்து நிற்பார். அதே மனிதர் தம் வீட்டு மாடித்தொட்டி நிரம்பி வழியும்படி மோட்டாரை ஓடவிட்டாலோ, ஆளில்லாத அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டாலோ அது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பெரும்பாலும் அவருக்கே தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை வந்து சேர்கிறது. அதில் எது மோட்டாருக்கு, எது பிரிட்ஜுக்கு, எது வெறும் மறதிக்கு என்று பிரித்துச் சொல்ல வீட்டில் எவராலும் முடிவதில்லை. குடும்பங்கள் ஒன்றுகூடி ஆற்றலைச் சேமிக்கும் குழுக்களைப் பற்றிப் பேசும்போது, இந்தக் 'கண்ணுக்குத் தெரியாமை'யிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய குழு என்பது பெரிய அமைப்பு அன்று. ஒரே தெருவிலோ, ஒரே குடியிருப்பிலோ வாழும் எட்டுப் பத்து வீட்டார் மாதம் ஒருமுறை கூடி, தத்தம் வீட்டில் எவ்வளவு மின்சாரமும் எரிவாயுவும் பெட்ரோலும் செலவாகின்றன என்பதைக் குறித்துவைத்து, அதைக் குறைக்கும் வழிகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதுதான் அதன் வேலை. இங்கிலாந்தின் டாட்னஸ் என்னும் சிறுநகரில் 2006-இல் தொடங்கிய 'மாற்ற நகர்' இயக்கத்தின் ஒரு பகுதியாக, ஆறு முதல் பத்து வீட்டார் வரை முறைவைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் கூடி, ஆற்றல், தண்ணீர், உணவு, குப்பை, போக்குவரத்து என ஒவ்வொன்றாகப் பேசித் தங்கள் வீட்டில் செய்து பார்த்தனர். அங்கே அவர்களது பெருங்கவலை குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் கவலை நேரெதிரானது. ஆகவே அவர்கள் கூடிய முறையை எடுத்துக்கொள்ளலாம்; அவர்கள் செய்த வேலைகளின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் கணக்கு. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவே ஒரு யூனிட். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. டெல்டாவுக்கு வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. காற்றாலை, சூரியசக்தி, நீர்மின்சாரம், அணுமின்சாரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குப் புவியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.7 கிலோ வெளியாகிறது. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதும் எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், எந்த வீட்டின் கரிமக் கணக்கையும் ஒரு நோட்டுப் பக்கத்தில் போட்டுவிடலாம்.

இரண்டு மாதத்தில் 300 யூனிட் மின்சாரமும், ஒன்றேகால் சிலிண்டரும், இருசக்கர வண்டிக்கு 20 லிட்டர் பெட்ரோலும் செலவிடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மின்சாரத்தால் 210 கிலோ, எரிவாயுவால் 50 கிலோவுக்குச் சற்று மேல், பெட்ரோலால் 46 கிலோ. மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம். அடுப்படியில் பெண்கள் சிக்கனமாக இருக்கவேண்டும் என்றுதான் பெரும்பாலான அறிவுரைகள் தொடங்குகின்றன; ஆனால் கணக்கு வேறிடத்தைக் காட்டுகிறது. அரிசியை ஊறவைத்து வேகவைப்பதும், கொதி வந்தபின் தீயைக் குறைப்பதும் நல்ல பழக்கங்களே. அவற்றைப் பெரும்பாலான வீடுகள் சிலிண்டர் விலை கற்றுத்தந்த பாடமாக ஏற்கெனவே செய்துவருகின்றன.

மின்சாரத்தில் முதலில் பார்க்கவேண்டியது கூரையில் தொங்கும் விசிறியை. டெல்டாவில் மார்கழி, தை நீங்கலாக ஆண்டு முழுவதும் அது சுழல்கிறது. பழைய வகை விசிறி 75 வாட் வரை இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 67 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. இப்போது வரும் பிஎல்டிசி (தூரிகையில்லா நேர்மின் மோட்டார்) வகை விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருவதால், அதே பயன்பாட்டுக்கு 27 யூனிட் போதும். ஒரு விசிறியை மாற்றினால் இரு மாதத்துக்கு 40 யூனிட், அதாவது 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு மிச்சம். விசிறிகளுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாகியிருப்பதால், கடையில் நின்று பெட்டியைப் பார்த்தே ஒப்பிட்டு வாங்கலாம். பழைய சதுரப்பெட்டி ரெகுலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதில் வேகத்தைக் குறைத்துவைத்தால் மின்சாரமும் அந்த அளவுக்குக் குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். விசிறி எடுத்துக்கொள்ளாத மின்சாரத்தில் ஒரு பகுதியை அந்தப் பெட்டி வெப்பமாக்கிவிடுகிறது. கைவைத்துப் பார்த்தால் சூடு தெரியும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் இந்த இழப்பு மிகக் குறைவு.

அடுத்தது, யாரும் பயன்படுத்தாமலே செலவாகும் மின்சாரம். தொலைக்காட்சியை அணைத்தபின்னும் செட்டாப் பாக்ஸ் உயிரோடு இருக்கிறது. அது 12 வாட் இழுத்தால், இரவும் பகலும் சேர்ந்து இரு மாதத்தில் 17 யூனிட். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால் அது தீர்ந்தது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. குழுக்கூட்டத்தில் சிறுவர்களுக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுவாகவே இருக்கும். வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஜிட்டல் மீட்டரில் மின்னும் சிறிய சிவப்பு விளக்கைப் பார்க்கவேண்டும். மின்சாரம் செலவாகும் வேகத்துக்கேற்பவே அது மின்னும். எல்லாம் அணைந்தபின்னும் அது மின்னிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு கருவி விழித்திருக்கிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. இரண்டாவதானால் அது பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்டது. உடனே எலக்ட்ரீஷியனை அழைக்கவேண்டும்.

மோட்டார் டெல்டாவுக்கே உரிய விவகாரம். நிலத்தடி நீர் பெரும்பாலான இடங்களில் ஆழத்தில் இல்லை என்பதால், வீட்டுக்கு வீடு போர் போட்டு ஒரு குதிரைத்திறன் மோட்டார் வைத்திருக்கிறோம். அது ஓடும்போது ஏறத்தாழ ஒரு கிலோவாட் இழுக்கிறது. தொட்டி வழியும் சத்தம் கேட்டு எழுந்துபோய் அணைப்பதற்குள் நாளுக்குப் பத்து நிமிடம் போகிறது என்றால், இரு மாதத்தில் பத்து மணி நேரம், பத்து யூனிட். எங்கள் வீட்டில் தொட்டி நிரம்பியதை அறிவிக்கும் மணியைப் பொருத்தும்வரை, அதை அறிவித்துக்கொண்டிருந்தது மாடிப்படியில் வழியும் தண்ணீர்தான்.

ஏசி உள்ள வீடுகளில் மேற்சொன்ன கணக்கெல்லாம் சிறியதாகிவிடும். இரவில் எட்டு மணி நேரம் ஓடும் ஏசி நாளொன்றுக்கு ஏழெட்டு யூனிட் வரை எடுக்கலாம். வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டிவைத்தால் ஆறு விழுக்காடு அளவுக்குச் செலவு குறையும் என்பது மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. இருபத்திரண்டில் போர்வை போர்த்திப் படுப்பதற்குப் பதிலாக இருபத்தாறில் வைத்து மெல்ல விசிறியையும் சுழலவிட்டால், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். முற்றமும் ஓட்டுக்கூரையும் கொண்ட பழைய வீடுகள் வெப்பத்தை மேலேற்றி வெளியே விட்டன. இன்றைய காங்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் நம் தலைமேல் இறக்குகிறது. மாடித்தளத்தில் வெள்ளைப் பூச்சு அடிப்பது, ஏசி வாங்குவதற்கு முன் செய்து பார்க்கவேண்டிய மலிவான வேலை.

இவ்வளவையும் ஒரு துண்டறிக்கையில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டால் போதாதா, குழு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கலிபோர்னியாவில் சான் மார்க்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 வீடுகளில் ஆய்வாளர்கள் செய்து 2007-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு விடை தருகிறது. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அந்த வீட்டின் மின்செலவையும், அக்கம்பக்கத்துச் சராசரியையும் எழுதித் தொங்கவிட்டார்கள். சராசரிக்கு மேல் செலவிட்டவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சராசரிக்குக் கீழ் இருந்தவர்கள், 'நாம் மட்டும் ஏன்' என்று நினைத்தாற்போலச் செலவைக் கூட்டினார்கள். குறைவாகச் செலவிட்ட வீட்டுச் சீட்டில் கையால் ஒரு சிரித்த முகம் வரைந்துவைத்தபோது, அந்த உயர்வு ஏறக்குறைய மறைந்துவிட்டது. பக்கத்து வீடு என்ன செய்கிறது என்ற அறிவு மனிதரை அசைக்கிறது. அதோடு ஒரு பாராட்டும் சேர்ந்தால்தான் அது சரியான திசையில் அசைக்கிறது. மடையை யார் திறந்துவைத்தார் என்று காலையில் ஊருக்குத் தெரிந்துவிடுவதன் ஆற்றலும் இதுவே. குடிமராமத்தில் வாய்க்கால் தூர்வார வராதவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் வயலில் கேள்வி கேட்பதைப்போல வீட்டுக்குள் கேட்க முடியாது. கைக்குழந்தை உள்ள வீட்டிலும், படுக்கையில் முதியவர் இருக்கும் வீட்டிலும் விசிறி ஓயாது. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவரின் கணக்கு வேறு. ஆகவே வீட்டுக்கு வீடு ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு வீட்டையும் அதன் சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுவதே நல்லது. அதிலும் பருவத்தைப் பார்த்தாகவேண்டும்: சித்திரை, வைகாசி வெயிலில் 300 யூனிட் ஆன வீடு, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 200-க்கு இறங்கினால் அது சேமிப்பு ஆகாது, வானம் செய்த உதவி. சென்ற ஆண்டுச் சித்திரையை இந்த ஆண்டுச் சித்திரையோடு வைத்துப் பார்க்கவேண்டும். மின்வாரியக் கணக்கெடுப்பு ஓரிரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால், தமிழ் மாதப் பிறப்பன்று காலையில் ஒவ்வொரு வீட்டாரும் தாமே மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் வசதியானது. திரையில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் (kWh) என்ற ஆங்கில எழுத்துகளோடு வரும் எண்ணே நமக்கு வேண்டியது. நோட்டில் யூனிட்டை வீட்டிலுள்ள தலைகளால் வகுத்தும் எழுதிவைத்தால், ஏழு பேர் வாழும் கூட்டுக்குடும்பம் இருவர் மட்டும் வாழும் வீட்டுக்கு முன் தலைகுனிய வேண்டியிராது. சொல்லப்போனால், கூட்டுக்குடும்பமே பல வேளைகளில் முதலில் நிற்கும்: ஒரே பிரிட்ஜ், ஒரே கிரைண்டர், ஒரே உலை.

இப்படியொரு குழுவைப் புதிதாக உருவாக்கவேண்டிய தேவை டெல்டாவில் பெரும்பாலும் இல்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. கூட்டம் கூடுவது, நோட்டு எழுதுவது, சந்தா தண்டுவது எல்லாம் அவர்களுக்குப் பழகிய வேலை. வேளாங்கண்ணிப் பக்கத்தில் அன்பியங்கள் எனப்படும் கத்தோலிக்கக் குடும்பக் குழுக்கள், நாகூரில் ஜமாஅத், ஊருக்கு ஊர் தலைக்கட்டு வரி பிரிக்கும் கோயில் கமிட்டி என வீடுகளை ஏற்கெனவே எண்ணிவைத்திருக்கும் அமைப்புகள் பல. இவற்றில் சுய உதவிக் குழுவே இந்த வேலைக்கு மிகவும் பொருத்தம் என்பது என் எண்ணம். ஏனெனில் வீட்டுக் கருவிகளைப் பெரும்பாலும் இயக்குவோர் அங்கே பேசுவோராகவும் இருக்கிறார்கள். முடிவெடுத்துப் பணம் போடவேண்டிய ஆண்கள் அந்தக் கூட்டத்தில் இல்லாதது ஒரு குறை. விசிறி மாற்றுவது, தளத்துக்கு வெள்ளையடிப்பது ஆகியவற்றைப் பேசும் நாளிலாவது குடும்பத்தோடு வரச்சொல்லவேண்டும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் எந்தக் குழுவும் நடக்காது. தமிழ்நாட்டில் 2016-இல் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. அதற்குமேல் படிப்படியாக விலை ஏறுகிறது. 500-ஐத் தாண்டியதும் கடைசிச் சில யூனிட்டுக்கு மட்டுமன்றி, கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து விலை மாறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! விகிதங்கள் அதன்பின் உயர்ந்திருக்கின்றன. இந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு ஒரு செட்டாப் பாக்ஸ் சுவிட்சே சில நூறு ரூபாயைக் காப்பாற்றும். கூட்டத்தில் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால், புவி வெப்பமாதலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட அதிகம் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதே விகிதம் இன்னொன்றையும் சொல்கிறது. தொகுப்பு வீட்டில் இரண்டு விளக்கு, ஒரு விசிறி, ஒரு தொலைக்காட்சியோடு வாழும் விவசாயத் தொழிலாளர் குடும்பம் 100 யூனிட்டையே தாண்டாமல் இருக்கலாம். அவர்கள் சேமித்தால் அவர்களுக்கு ஒரு பைசாவும் மிஞ்சாது; புவிக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. அவர்களிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பது, கடைமடைக்காரரிடம் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள் என்று சொல்வதற்குச் சமம். அந்த வீட்டுக்குக் குழு செய்யவேண்டியது வேறு: பழுதான வயரிங்கைச் சரிசெய்ய உதவுவது, கருவை விறகின் புகையிலிருந்து அடுப்பை விடுவிப்பது, வெயில் இறங்கும் கூரைக்கு ஏதாவது வழிசெய்வது. குறைக்கவேண்டிய கடமை ஏசியும் காரும் உள்ள வீடுகளிலிருந்து தொடங்கவேண்டும்.

ஒன்றுகூடி வாங்குவது குழுவின் இன்னொரு பயன். பத்து வீட்டுக்கு இருபது விசிறி என்று கேட்டால் கடைக்காரரிடம் விலை பேச முடியும். எலக்ட்ரீஷியனும் ஒரே நாளில் தெருவை முடித்துவிடுவார். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு அமைக்க 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் தரும். ஆனால் டெல்டாவின் கொல்லைகளில் தென்னை இருக்கிறது. ஒரு மட்டையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி கணிசமாகக் குறையும் என்பதால், எந்த மாடியில் காலை ஒன்பது முதல் மாலை மூன்றுவரை நிழல் விழுவதில்லை என்று தெருவே சுற்றிப்பார்த்துச் சொல்வது, விற்க வருபவரின் வாக்கை நம்புவதைவிட மேல்.

சேமிப்பின் எல்லைகளையும் தெரிந்துகொண்டே இறங்கவேண்டும். நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயந்திரங்கள் வந்தபின் நிலக்கரிச் செலவு கூடியதே ஒழியக் குறையவில்லை என்று ஜெவன்ஸ் என்னும் பொருளியலாளர் 1865-இலேயே எழுதினார். குறைந்த செலவுதானே என்று புது விசிறியை நாள் முழுதும் ஓடவிட்டாலோ, மிச்சமான பணத்தில் ஏசி வாங்கினாலோ நோட்டில் அது தெரிந்துவிடும். நோட்டை ஓராண்டோடு நிறுத்தாமல் தொடரவேண்டியதற்குக் காரணம் இதுதான். மேலும், டெல்டாவின் பசுங்குடில் வாயுக்களில் ஒரு பங்கு வீட்டுக்குள் இல்லை, வயலில் இருக்கிறது. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றில்லாச் சேற்று நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையில் அது குறைகிறது, தண்ணீரும் மிஞ்சுகிறது. தெருக்குழுவில் விவசாயிகள் இருந்தால் பேச்சு இயல்பாக அங்கே திரும்பும், திரும்பட்டும்.

மின்சாரம் கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று டெல்டாவுக்கு உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்துப்போட்டபின், பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர் தெருத்தெருவாக வந்து, ஒவ்வொரு வீட்டு மோட்டாருக்கும் இத்தனை நிமிடம் என்று பணம் வாங்கிக்கொண்டு தொட்டியை நிரப்பிற்று. தம் தொட்டி எத்தனை நிமிடத்தில் நிரம்பும், அந்தத் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பது அந்த வாரங்களில் எல்லா வீட்டுக்கும் மனப்பாடம். கம்பங்கள் நிமிர்ந்து விளக்கு எரிந்ததும் அந்தக் கணக்கு மறந்துபோயிற்று.

ஆகவே குழுவின் முதல் கூட்டத்துக்கு உரையோ விருந்தினரோ தேவையில்லை. ஆளுக்கு இரண்டு பழைய மின்கட்டண ரசீதும், ஒரு நோட்டும், மீட்டர் பெட்டியைப் பார்க்க ஒரு டார்ச்சும் போதும். பத்து வீட்டு மீட்டரையும் நடந்தே பார்த்து எண்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கேட்டு எழுதி, அடுத்த மாதப் பிறப்பன்று யார் வீட்டுத் திண்ணையில் கூடுவது என்று முடிவு செய்துவிட்டுக் கலையலாம்.